எஃகா, கிராஃபைட்டா? கனத்திலிருந்து தொடங்குவோம்

பெங்களூரில் கோல்ஃப் ஆடும் நம்மவர்கள் கிளப் வாங்கும் அழகே தனி. தலை எந்த ஆண்டு மாடல், முகப்பு டைட்டானியமா கார்பனா என்று மாதக்கணக்கில் ஆராய்வார்கள். ஷாஃப்ட், அதாவது தண்டு, என்று வரும்போது கடைக்காரர் வயதைக் கேட்பார். ஐம்பதுக்குக் கீழே என்றால் விறைப்பான ‘எஸ்’, மேலே என்றால் சற்று மென்மையான ‘ஆர்’. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பந்தை அடிக்கும் தலைக்கும் அடிப்பவரின் கைக்கும் நடுவே இருப்பது அந்தத் தண்டு ஒன்றுதான் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

அண்மையில் என்னிடம் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் என் மைத்துனர். மனைவியின் அண்ணன், அறுபதைத் தாண்டியவர், பொதுத்துறை வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஜீவன் பீமா நகரில் இருக்கிறார். பல ஆண்டுகளாக ஒரே அயர்ன் செட் (நடுத்தரத் தூரத்துக்கு அடிக்கும் உலோகத் தலைக் கிளப்புகள்). இன்னொருவர் சேலத்துப் பையன். ஒயிட்ஃபீல்டில் வேலை. கல்லூரி நாட்களில் வேகப்பந்து வீசியவன், இப்போது கோல்ஃபில் இறங்கியிருக்கிறான். அவர் கேட்டது: “மாப்பிள்ளை, கிராஃபைட்டுக்கு மாறினால் கையில் அந்த உணர்வு போய்விடும் என்கிறார்களே, உண்மையா?” அவன் கேட்டது: “அண்ணா, எக்ஸ் ஃபிளெக்ஸ் (இருப்பதிலேயே விறைப்பான வகை) போட்டால் இன்னும் இருபது கெஜம் கிடைக்குமா?” இருவருக்கும் வேண்டியது கையில் நன்றாக இருக்கும், பந்தையும் ஒழுங்காக அனுப்பும் ஒரு ஷாஃப்ட். ஆனால் ஒருவருக்குச் சரியானது மற்றவருக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

உணர்வு இரண்டு வகை

கிளப்பின் முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி விநாடி. அந்த அடியின் அதிர்வு ஷாஃப்ட் வழியாக ஏறி உள்ளங்கையை எட்டி, அதை மூளை உணர்வதற்குள் பந்து போய்விடுகிறது. ‘வெண்ணெய் மாதிரி இருந்தது’, ‘கல்லில் அடித்தது போல இருந்தது’ என்று நாம் சொல்வதெல்லாம் பந்து போன பிறகு வந்து சேரும் செய்தி. அதில் பாதி கையில் வருவதுகூட அல்ல, காதில் வருவது. பஞ்சால் காதை அடைத்துக்கொண்டு அடித்துப் பாருங்கள், உங்களுக்குப் பிடித்த கிளப்பே அந்நியமாகிவிடும்.

இதை வைத்து உணர்வு என்பதே வெறும் பிரமை என்று முடிவுகட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். அடிக்கு முன்னால் வரும் உணர்வு ஒன்று இருக்கிறது. கிளப்பை மேலே தூக்கி, கீழே இறக்கத் தொடங்கும் அந்தத் திருப்பத்தில் தலை எங்கே இருக்கிறது என்பதைக் கை அறிந்துகொள்கிறது. ஷாஃப்டின் கனமும் அது எவ்வளவு வளைகிறது என்பதும் சேர்ந்து தருகிற தகவல் அது. அந்தத் தகவல் சரியாகக் கிடைத்தால் முகத்தின் நடுவில் படும். கிடைக்காவிட்டால் விளிம்பில் படும். அடிக்கு முன் வரும் உணர்வு ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. அடிக்குப் பின் வரும் உணர்வு முழங்கையையும் மனநிறைவையும் தீர்மானிக்கிறது.

கடையில் இந்த இரண்டும் குழம்பிப்போகின்றன. எஃகா கிராஃபைட்டா என்ற கேள்வி பெரும்பாலும் பின்னால் வரும் அதிர்வைப் பற்றியது. கனம் எவ்வளவு, விறைப்பு எவ்வளவு என்ற கேள்வி முன்னால் வரும் உணர்வைப் பற்றியது. முதலில் தீர்க்க வேண்டியது கனத்தை.

முதலில் கனம்

பழைய அயர்ன்களில் பெரும்பாலும் நீங்கள் பார்க்கக்கூடியது ட்ரூ டெம்பர் நிறுவனத்தின் டைனமிக் கோல்ட் எஸ்300. வெட்டாத நிலையில் ஏறக்குறைய 130 கிராம். தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் இதையும் இதன் உறவுகளையும் பயன்படுத்துவதால், ‘நல்ல ஆட்டக்காரனுக்கு இதுதான்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு அடுத்த படியில் 105 முதல் 120 கிராம் வரையிலான எஃகு ஷாஃப்டுகள். அதே டைனமிக் கோல்டில் 105 என்றும் 120 என்றும் வகைகள் உண்டு. கேபிஎஸ் டூர் இந்த எல்லையை ஒட்டி வரும். அதற்கும் கீழே, 100 கிராமுக்குள் அடங்கும் எஃகு: நிப்பான் நிறுவனத்தின் என்.எஸ். ப்ரோ 950ஜிஹெச் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிராஃபைட் என்று போனால் 50 கிராமிலிருந்து 110 கிராம் வரை எதுவும் கிடைக்கிறது.

ஆகவே ‘கிராஃபைட் என்றால் லேசு, எஃகு என்றால் கனம்’ என்ற கணக்கு இப்போது செல்லாது. ஏரோடெக் ஸ்டீல்ஃபைபர் ஐ95 என்ற ஷாஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே கிராஃபைட், மேலே மெல்லிய எஃகு இழைகள் சுற்றியது. பெயரில் உள்ளபடி 95 கிராம் வகை. நிப்பான் 950க்கும் இதற்கும் கனத்தில் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு அதிர்வில்தான்.

கனம் கூடினால் என்ன ஆகும் என்பதை என் மைத்துனரின் ஆட்டத்தில் நேரில் பார்த்தேன். முதல் ஒன்பது ஹோல்களில் அவருடைய ஏழாம் அயர்ன் அருமையாகப் போகும். பதின்மூன்றைத் தாண்டியதும் பந்து வலப்பக்கம் ஒதுங்கத் தொடங்கும். பிறகு பந்தைத் தொடும் முன்பே, அதற்கு இரண்டு அங்குலம் பின்னால் புல்லைப் பெயர்ப்பார். அவர் தன் இடுப்பைத் திட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக அவருடைய பையைத் தூக்கும் கேடி தருமபுரிப் பக்கத்துக்காரர். ஒருநாள் பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து மிதித்துக்கொண்டே சொன்னார்: “சார், உங்கள் கை கீழே வருகிறது. கிளப் பின்னாலேயே நின்றுவிடுகிறது.” எந்த இயந்திரமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்காது. தோள் தளர்ந்த பிறகு 130 கிராம் தண்டை உரிய நேரத்துக்குள் கீழே கொண்டுவர முடியவில்லை. முகம் திறந்தபடியே, அதாவது வலப்பக்கம் பார்த்தபடியே, பந்தைச் சந்திக்கிறது.

கனமான ஷாஃப்ட் வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. மிக லேசான ஷாஃப்டுக்கும் தனிக் கோளாறு உண்டு. நிறைகுடம் என்று நினைத்து வெறுங்குடத்தைத் தூக்கினால் கை எப்படி விருட்டென்று மேலே பாய்கிறதோ, வலுவான கையில் 50 கிராம் ஷாஃப்ட் அப்படித்தான் நடந்துகொள்ளும். கிளப் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் கை முந்திக்கொள்ளும். சேலத்துப் பையனிடம் இதைத்தான் பார்த்தேன். நெடுந்தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரில் அவனுக்குக் கடையோடு வந்த 50 கிராம் வகை ஷாஃப்ட் இருந்தது. நான்கு பந்து நேராகப் போகும், ஐந்தாவது பக்கத்து ஃபேர்வேயில் விழும். அவனுக்கு 60 கிராமைத் தாண்டிய ஒன்றைக் கொடுத்தபோது அவனே வீச்சைக் கொஞ்சம் நிதானப்படுத்திக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

லேசான ஷாஃப்ட் போட்டால் வேகம் கூடும் என்ற விளம்பரத்தில் உண்மை உண்டு, ஆனால் அளவு சிறியது. டிரைவர் ஷாஃப்டில் 10 கிராம் குறைத்தால் பலருக்கு மணிக்கு ஒரு மைல் வேகம்கூட முழுதாக ஏறாது. ஒரு மைலுக்கு ஏறக்குறைய மூன்று கெஜம் என்று வைத்தால் கிடைப்பது என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முகத்தின் நடுவிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப்பட்டால் இழப்பது அதைவிடப் பன்மடங்கு அதிகம்.

எஃகும் கிராஃபைட்டும்

கனம் முடிவான பிறகுதான் பொருளைப் பற்றிப் பேச வேண்டும். ஆதியில் ஹிக்கரி மரத்தண்டு. கோல்ஃப் விதிகளை வகுக்கும், செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பு 1929இல் எஃகுத் தண்டை அனுமதித்தது. கிராஃபைட் 1970களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது. அந்தக் காலத்துக் கிராஃபைட் அதிகமாக முறுக்கிக்கொள்ளும். பந்து எங்கே போகும் என்று அடித்தவருக்கே தெரியாது. அந்தக் கெட்ட பெயர் ஐம்பது ஆண்டு கடந்தும் போகவில்லை. டைகர் வுட்ஸ் 2000களின் தொடக்கம் வரை டிரைவரிலேயே எஃகு வைத்திருந்தார். இன்று டிரைவரில் எஃகு போடுகிறவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அயர்னில் மட்டும் பழைய எண்ணம் தங்கிவிட்டது. 2020ஆம் ஆண்டு யூ.எஸ். ஓபனை பிரைசன் டிஷாம்போ அயர்ன்களிலும் கிராஃபைட் வைத்துக்கொண்டு வென்றார். உலகிலேயே மிக வேகமாக வீசுகிறவர்களில் ஒருவர் அவர். ‘கிராஃபைட் முதியவர்களுக்கு’ என்று இனியும் சொல்வதில் அர்த்தமில்லை.

அப்படியானால் எஃகுக்கு என்ன மேன்மை? மூன்று விஷயங்களைச் சொல்வேன். விலை குறைவு. ஒரு செட்டில் உள்ள எட்டுத் தண்டுகளும் ஒன்றுக்கொன்று நெருங்கிய கனத்திலும் விறைப்பிலும் இருக்கும். தவறாக அடித்தால் அது உடனே கையில் சுருக்கென்று தெரியும். கடைசியாகச் சொன்னதுதான் என் மைத்துனர் ‘உணர்வு’ என்று சொல்வது. முகத்தின் நுனியில் பட்டதா, அடியில் பட்டதா என்று பார்க்காமலே சொல்லிவிடுவார். கற்றுக்கொள்ளும் பருவத்தில் அது பெரிய உதவி.

கிராஃபைட் அந்தச் செய்தியை மழுக்குகிறது. முற்றிலும் மறைப்பதில்லை, ஓசையைக் குறைத்த வானொலியைக் கேட்பவருக்குச் செய்தி புரியாமல் போவதில்லையே. முழங்கையில் வலி உள்ளவர்களுக்கு இந்த மழுங்கல்தான் வரம். ‘கோல்ஃபர்ஸ் எல்போ’ என்று மருத்துவர்கள் சொல்லும் உட்புற முழங்கை வலி இருந்தால், இந்த ஒப்பீட்டையே விட்டுவிட்டு கிராஃபைட் அயர்னுக்குப் போய்விடலாம். டிசம்பர் காலையில், பெங்களூர் குளிரில், கை சூடேறுவதற்கு முன் இரண்டாம் அயர்னோ மூன்றாம் அயர்னோ முகத்தின் அடிவிளிம்பில் பட்டால் எஃகு எப்படிக் குத்தும் என்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

மைத்துனருக்கு நான் சொன்னது: “அண்ணா, உங்களுக்குக் கையில் தெரிய வேண்டும் என்றால் எஃகையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 130 கிராம் வேண்டாம், 950ஐப் பாருங்கள். முழங்கை வலிக்கிறது என்றால் அதே கனத்தில் ஸ்டீல்ஃபைபர்.” 70 கிராம் கிராஃபைட்டுக்கு நேராகத் தாவுவதைத்தான் தடுத்தேன். அதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும்.

கிளப்பை வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதற்கு ‘ஸ்விங் வெயிட்’ என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. சி9, டி0, டி1 என்று ஏறிக்கொண்டே போகும். ஆண்களுக்கான அயர்ன்கள் பொதுவாக டி1, டி2 என்று வரும். தலையில் 2 கிராம் கூட்டினால் ஒரு புள்ளி ஏறும். பிடியில் 5 கிராம் கூட்டினால் ஒரு புள்ளி இறங்கும். ஷாஃப்டில் சுமார் 9 கிராம் குறைத்தால் ஒரு புள்ளி இறங்கும். நீளம் அரை அங்குலம் கூடினால் மூன்று புள்ளி ஏறும். இப்போது டி2 இல் உள்ள ஓர் அயர்னிலிருந்து 130 கிராம் எஃகைக் கழற்றி 75 கிராம் கிராஃபைட் மாட்டினால் 55 கிராம் போய்விட்டது. ஆறு புள்ளி இறங்கி சி6. தலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. கிராஃபைட்டில் உணர்வு இல்லை என்று புகார் சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். குறை கிராஃபைட்டின் மேல் அல்ல, தலையைச் சரிக்கட்டாமல் மாற்றியவர் மேல். அரை அங்குலம் நீட்டி, நுனிக்குள் ஐந்தாறு கிராம் பித்தளைத் துண்டு வைத்தால் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வந்துவிடும். ஷாஃப்ட் மாற்றித் தருபவரிடம் “ஸ்விங் வெயிட் என்னவாக வரும்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் விழித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.

எழுத்தை நம்பாதீர்கள்

எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று விறைப்பைக் குறிக்கும் எழுத்துகளுக்குப் பொதுவான தரம் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ‘ஆர்’ இன்னொன்றின் ‘எஸ்’ஸை விட விறைப்பாக இருக்கலாம். ஒரே நிறுவனத்தில் இரண்டு வரிசைகளுக்குள்ளேயே ஒத்துப்போகாது. கனத்தைக் கிராமில் சொல்கிறார்கள், அது பொய் சொல்லாது. எழுத்து என்பது அந்த நிறுவனத்தின் கருத்து மட்டுமே.

வழிகாட்டியாக ஒரு கணக்கு புழங்குகிறது. டிரைவர் தலையின் வேகம் மணிக்கு 85 மைலுக்குக் கீழே என்றால் ‘ஏ’, 85 முதல் 95 வரை ‘ஆர்’, 95 முதல் 105 வரை ‘எஸ்’, அதற்கு மேல் ‘எக்ஸ்’. தொடங்குவதற்கு இது போதும். ஆனால் ஒரே வேகத்தில் வீசும் இருவர் ஒரே மாதிரி வீசுவதில்லை. மேலே ஒரு கணம் நின்று நிதானமாக இறக்குகிறவருக்கு ஷாஃப்ட் கொஞ்சம்தான் வளைகிறது. மேலே போன வேகத்திலேயே வெடுக்கென்று இழுப்பவருக்கு அதே ஷாஃப்ட் இரட்டிப்பாக வளைகிறது. பின்னவருக்கு ஒரு படி விறைப்பு தேவை, வேகம் எவ்வளவாக இருந்தாலும்.

பெண்களுக்கு நடக்கும் அநியாயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அலசூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி. டென்னிஸ் ஆடி வளர்ந்தவர். அவருக்கு ஒரு கடையில் முழு செட்டும் ‘எல்’ என்று கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அந்த எழுத்து பெண்களைக் குறிப்பது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவருடைய வேகம் 80க்கு மேல். பந்தெல்லாம் இடப்பக்கம் வளைந்துகொண்டே போயிற்று. ‘ஏ’ வகைக்கு மாறியதும் பாதி சரியானது. மீதி அவருடைய பிடியில் இருந்தது.

வளைவு பந்தை எப்படி மாற்றுகிறது? ஷாஃப்ட் சாட்டை போல் சொடுக்கி வேகம் கூட்டுகிறது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நடப்பது வேறு. தலையின் கனமையம் தண்டின் அச்சிலிருந்து சற்று விலகி இருக்கிறது. வீச்சின் வேகத்தில் அந்தக் கனமையம் கையோடு நேர்கோட்டுக்கு வர முயல்வதால், பந்தைச் சந்திக்கும் நேரத்தில் ஷாஃப்ட் சற்று முன்னோக்கி வளைந்திருக்கிறது. அதனால் முகத்தின் சாய்வு கூடுகிறது, முகமும் கொஞ்சம் மூடுகிறது. மென்மையான ஷாஃப்டில் இது அதிகம்: பந்து உயர எழும், வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் போகப் பார்க்கும். விறைப்பானதில் குறைவு: பந்து தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் போகப் பார்க்கும். போகப் பார்க்கும் என்றுதான் சொல்கிறேன். கை தன்னைச் சரிசெய்துகொள்ளும் திறன் கொண்டது. சிலரிடம் இது தலைகீழாகவே நடக்கும்.

முறுக்கு, வளையும் இடம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முறுக்கு எண் குறைவாக இருந்தால் கையில் விறைப்பாகத் தெரியும். வேகமாக வீசுகிறவர்களுக்கு அது பிடிக்கும், மற்றவர்களுக்குப் பலகையைப் பிடித்தது போலிருக்கும். வளையும் இடம் தாழ்வாக இருந்தால் பந்து உயரப் போகும் என்று அட்டையில் எழுதியிருப்பார்கள். வேறுபாடு பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள். டிரைவரின் சாய்வைத் திருகாணியில் மாற்றிக்கொள்ள முடிகிற காலத்தில் இதற்காகப் புது ஷாஃப்ட் வாங்குவது வீண்செலவு.

டிரைவர்

அயர்னில் கிடைக்கும் துல்லியத்துக்காகச் செலவழிக்காதவர்கள் டிரைவரில் தாராளமாக இருப்பார்கள். புஜிகுரா வென்டஸ், மிட்சுபிஷி டென்செய், கிராஃபைட் டிசைன் டூர் ஏடி என்று பெயர்கள் பறக்கும். நல்ல ஷாஃப்டுகள்தாம், சந்தேகமில்லை. வென்டஸில் கறுப்பு தாழ்வாகவும் குறைந்த சுழற்சியோடும் அனுப்பும், நீலம் நடுத்தரம், சிவப்பு இன்னும் உயரே. வேகம் 110 மைலை எட்டாதவருக்குக் கறுப்பு தேவையே இல்லை. பலர் பையில் அது இருப்பதற்குக் காரணம் தொலைக்காட்சி.

பையனிடம் இதைத்தான் சொன்னேன். அவனுடைய வேகம் 104ஐ ஒட்டி வந்தது. வெடுக்கென்று இழுக்கும் கை. ‘எக்ஸ்’ போட்டுப் பார்த்தான். பந்து தாழ்வாக எழுந்து வலப்பக்கம் மங்கிப் போயிற்று. 60 கிராம் வகை ‘எஸ்’ஸில், நுனி விறைப்பான ஒன்றைக் கொடுத்ததும் சிதறல் பாதியாகக் குறைந்தது. இருபது கெஜம் கூடவில்லை. சராசரி கொஞ்சம் கூடியது, அதுவும் ஓரத்தில் படுவது குறைந்ததால். முகம் கொஞ்சம் வாடியது அவனுக்கு. தூரத்தில் மயங்கும் எல்லோருக்கும் நான் நினைவூட்டுவது அதிதி அசோக்கை. இதே பெங்களூரில், கேஜிஏ (கர்நாடக கோல்ஃப் சங்கம்) மைதானத்தில் சிறுமியாகக் கிளப்பைப் பிடித்தவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், எதிர் ஆட்டக்காரர்கள் பலர் அவரைவிட வெகுதூரம் அடித்துக்கொண்டிருந்தபோது, நான்காம் இடம் வரை வந்தார்.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் வரும் டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலத்தைத் தாண்டியே இருக்கின்றன. 2022 முதல் உயர்மட்டப் போட்டிகளில் 46 அங்குல வரம்பைக் கொண்டுவர விதி இடம் தந்துவிட்டது. தொழில்முறை ஆட்டக்காரர்களே 45ஐ ஒட்டி வைத்துக்கொள்ளும்போது வார இறுதி ஆட்டக்காரருக்கு அதைவிட நீளம் எதற்கு? பிடியை அரை அங்குலம் கீழே பிடித்து ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். காசு செலவில்லாத ஷாஃப்ட் மாற்றம் அது. 1876இலிருந்து நகரத்தின் நடுவே இருக்கும் பெங்களூர் கோல்ஃப் கிளப் போன்ற மரமடர்ந்த, குறுகிய இடத்தில் ஆடுகிறவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன்.

எங்கே, எப்படிச் சோதிப்பது

பயிற்சித் தளத்துச் செயற்கைப் புல் விரிப்பு இரண்டு விதத்தில் ஏமாற்றும். பந்துக்கு முன்னால் தரையில் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். கனமான ஷாஃப்டின் குறை அங்கே தெரியாது. அடியில் சிமென்ட் இருப்பதால் அதிர்வு மட்டும் கூடுதலாக ஏறும். எஃகு அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கும். முடிந்தவரை மண்ணில் முளைத்த புல்லில் அடித்துப் பாருங்கள். தளத்தில் கொடுக்கும் பந்தும் தூரத்தைக் குறைத்துக் காட்டும். உங்கள் பந்தைக் கொண்டுபோங்கள்.

பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் டிராக்மேன், ஜிசிகுவாட் போன்ற கருவிகள் இருக்கும் இடங்கள் பெங்களூரில் இப்போது பல உண்டு. அங்கே எல்லோரும் செய்வது, மிக நீளமாகப் போன ஒரு பந்தின் எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொள்வது. பார்க்க வேண்டியது மிக மோசமான பந்து எங்கே விழுந்தது என்பதை. ஒரு ஷாஃப்டை அலுக்கும்வரை அடித்துவிட்டு அடுத்ததை எடுக்காமல், மாற்றி மாற்றி அடியுங்கள். இல்லாவிட்டால் முதலாவது குளிர்ந்த உடம்பிலும் கடைசியானது களைத்த உடம்பிலும் சோதிக்கப்படும். உங்கள் பழைய கிளப்பையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்தில் எங்கே படுகிறது என்று பார்க்க வெள்ளைப்பலகை மார்க்கரால் பூசினால் போதும், முகப் பவுடரும் வேலை செய்யும். சுழற்சி எண்களைக் குறிக்கும்போது மட்டும் துடைத்துவிடுங்கள், பூச்சு அதைக் கெடுக்கும்.

இன்னொன்று நம்மூர்க்காரர்களுக்கே உரியது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று லேசு. சென்னையில் போவதைவிடப் பந்து மூன்று நான்கு சதவீதம் கூடுதலாகப் போகும். இங்கே 150 கெஜம் போகும் ஏழாம் அயர்ன் நந்தனம் மைதானத்தில் 145இல் விழும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பி, புது ஷாஃப்ட் தூரத்தைத் தின்றுவிட்டது என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். கொடைக்கானலுக்குப் போனால் அதே ஆட்கள் ஷாஃப்டைப் புகழ்வார்கள். அங்கே உயரம் 2000 மீட்டரைத் தாண்டியது.

முழுப் பையையும் மாற்றுகிறவர்கள் டிரைவரிலிருந்து குறுந்தூரக் கிளப்பான வெட்ஜ் வரை கனம் படிப்படியாக ஏறும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். டிரைவரில் 55 கிராம், டிரைவருக்கு அடுத்த ‘மூன்றாம் வுட்’ கிளப்பில் 65, ஹைப்ரிடில் 75 அல்லது 80, அயர்னில் 95, வெட்ஜில் அதற்குச் சற்று மேல். நடுவில் 55இலிருந்து 130க்குத் தாவினால் ஒவ்வொரு அடிக்கும் கை புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். கிரீனில் உருட்டும் கிளப்பில் எஃகு போதும், அதைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

எட்டு அயர்னுக்கும் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுக்காதீர்கள். ஏழாம் அயர்ன் ஒன்றுக்கு மட்டும் மாற்றி, பதினெட்டு ஹோலும் நடந்து ஆடி, கடைசி ஐந்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். மைத்துனர் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறார். பழைய ஆறாம் அயர்னும் புது ஏழாம் அயர்னும் பையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எது வேண்டும் என்று இப்போது கேடியே கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார், பெரும்பாலும் ஏழாம் எண்ணை.

விலையைப் பொறுத்தவரை, உயர்ரக டிரைவர் ஷாஃப்டின் அமெரிக்க விலையே 300 டாலரைத் தாண்டும், இங்கே இறக்குமதிச் செலவும் சேரும். எஃகு அயர்ன் ஷாஃப்ட் ஒன்று அதில் சிறு பங்குதான். அதனால் பழையதை வாங்கும் பழக்கம் பெருகியிருக்கிறது. வாங்கலாம், ஆனால் மூன்றைக் கவனியுங்கள். டிரைவர் தலையில் மாட்டும் அடாப்டர் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. உங்கள் தலைக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கட்டுமானம் வேறாக இருக்கலாம்: கடை டிரைவர்களோடு வரும் சில வென்டஸ்களில், தனியாக விற்கும் வென்டஸில் உள்ள ‘வெலோகோர்’ அமைப்பு கிடையாது, அந்தச் சொல் தண்டின் மேல் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றாவது, ஷாஃப்டின் நுனிப்பக்கம் வெட்டினால் அது விறைப்பாகிவிடும். அரை அங்குலமா ஓர் அங்குலமா, நுனியில் வெட்டியதா பிடிப்பக்கம் வெட்டியதா என்று விற்பவரால் சொல்ல முடியவில்லை என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.